ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு தோல்வியைப் பார்த்துத் திரும்பிய பிள்ளைகள்

ராக்கெட் ஏவுதலைப் பார்க்கப் பிள்ளைகளை ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் ஆசிரியர்கள் என்னிடம் பெரும்பாலும் அனுமதி, வண்டி, சாப்பாடு ஆகியவற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவை தேவையான கேள்விகள். ஏவுதல் தோற்றுவிட்டால் பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்பதை மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. புறப்படும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டியது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குடியாத்தம் பகுதியிலுள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட் முதன்முறையாகப் பறந்தபோது எங்கள் பள்ளியின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுடன் அங்கே இருந்தேன். அந்தப் பயணமும் அதற்குப் பிந்தைய மாதங்களும் கற்றுத்தந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பயணம். பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பதிவு தொடங்கியதும் இடங்கள் விரைவாகத் தீர்ந்துவிடுவதால், ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஆதார் விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மாணவர்களை வெளிமாநிலத்துக்கு அழைத்துச் செல்ல முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும் பெற்றோரின் கையெழுத்துள்ள ஒப்புதல் கடிதமும் தேவை. வேனுக்கு ஆந்திர எல்லைக்கான பெர்மிட் இருக்கிறதா என்பதை உரிமையாளரிடம் கேட்டு, தாளைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். நாங்கள் முந்தைய இரவே கிளம்பி, பரதராமி வழியாகச் சித்தூர் சேர்ந்து, திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுப்பேட்டை கடந்து விடியும் நேரத்தில் சூலூர்பேட்டையை அடைந்தோம். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியின் குறுக்கே செல்கிறது. ஏவுதல் நாளில் அந்தச் சாலையில் வண்டிகள் நகரவே நேரமாகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏவுதல் தள்ளிப்போனால் வண்டி வாடகை என்னவாகும் என்பதையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட் புறப்பட 74 நிமிடங்கள் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு தெரிய வந்ததால் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு ஜனவரி 5 அன்றுதான் பறந்தது. வாசல்வரை போய்த் திரும்பும் நிலை யாருக்கும் வரலாம்.

கிளம்பும் முன் வகுப்பில் ஒரு வேலை செய்தோம். எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று திட எரிபொருள் அடுக்குகள், அவற்றின் மேல் வேகத்தைத் துல்லியமாகச் சரிசெய்யும் சிறிய திரவ எரிபொருள் பகுதி ஆகியவற்றை வரைந்து, எது முடிந்து எது தொடங்கும் என்ற வரிசையை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ராக்கெட் 34 மீட்டர் உயரம், ஏறத்தாழ 120 டன் எடை. அது சுமந்து சென்றவை இரண்டு: இ.ஓ.எஸ்.-02 என்னும் புவி நோக்குச் செயற்கைக்கோளும், நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் உருவாக்கிய கருவிகளைத் தாங்கிய, சுமார் 8 கிலோ எடையுள்ள ஆசாதிசாட்டும். தங்கள் வயதுப் பெண்கள் செய்த பொருள் விண்ணுக்குப் போகிறது என்பதால் எங்கள் மாணவியருக்கு அந்த ஏவுதல் வீட்டு விசேஷம் போலாகிவிட்டிருந்தது. வேனில் பாதிப் பேச்சு அதைப் பற்றியே இருந்தது.

காலை 9 மணி 18 நிமிடத்துக்கு ராக்கெட் எழுந்தது. முதலில் ஒளி மட்டும் தெரிந்தது. ஒலி பிறகுதான் வந்து சேர்ந்தது. தீப்பிழம்பு தெரிந்த கணம் முதல் ஒலி காதில் விழும் வரை வினாடிகளை எண்ணச் சொல்லியிருந்தேன். ஒலியின் வேகத்தால் பெருக்கி, ஏவுதளம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்துக் கூச்சலிட்டார்கள். சற்று நேரத்தில் ராக்கெட் கண்ணுக்கு மறைந்ததும், மாடத்திலிருந்த பலர் கைதட்டிவிட்டு எழுந்து வண்டி நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கினர். நாங்கள் எழவில்லை. செயற்கைக்கோள் பிரிவதற்கு ஏறத்தாழ 12, 13 நிமிடங்கள் ஆகும் என்பது நோட்டில் இருந்தது. பெரிய திரையில் ராக்கெட் போக வேண்டிய பாதை ஒரு கோடாகவும், போய்க்கொண்டிருக்கும் பாதை அதன் மேல் நகரும் புள்ளியாகவும் தெரியும். அதைப் பார்ப்பதுதான் உண்மையில் ஏவுதலைப் பார்ப்பது. அடுக்குகள் ஒவ்வொன்றாக முடிந்ததைப் பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் வழக்கமாக எழும் கரவொலி எழவில்லை. அடுக்குகள் எல்லாம் எதிர்பார்த்தபடி இயங்கின, இறுதிக் கட்டத்தில் தரவு கிடைக்கவில்லை, ஆராய்ந்து வருகிறோம் என்று இஸ்ரோ தலைவர் சோமநாத் அறிவித்தார்.

திரும்பும் வழியில் பிற்பகலில் கைபேசியில் செய்தி வந்தது. 356 கி.மீ. உயர வட்டப் பாதையில் விட வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 356 கி.மீ. உயரத்திலும் மறுபக்கம் வெறும் 76 கி.மீ. உயரத்திலும் செல்லும் நீள்வட்டப் பாதையில் விடப்பட்டுவிட்டன. இனி அவை பயன்படா. வேன் முழுவதும் பேச்சு நின்றது. இரண்டொரு மாணவியர் அழுதார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, புள்ளைங்க கண்ணு கலங்குது பாருங்க, அடுத்த வாட்டி சரியா பூடும்னு சொல்லுங்க” என்றார். நல்ல மனிதர், பாசத்தில் சொன்னார். ஆனால் அதற்குள் பின் இருக்கையிலிருந்து ஒரு மாணவி, “டீச்சர், அந்தப் பொண்ணுங்க செஞ்சது இப்ப எங்க கீது?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோல்வி வெற்றிக்குப் படிக்கட்டு என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். எங்கே இருக்கிறது, ஏன் அங்கே போயிற்று, எந்தப் பாகம் என்ன செய்யத் தவறியது என்ற கேள்விகள் எழும்போதே அவற்றை ஆறுதலால் மூடிவிடக் கூடாது. வேனிலேயே ஒரு தாளில் நீள்வட்டம் வரைந்து காட்டினேன். 76 கி.மீ. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவுதான் என்றாலும், அவ்வளவு வேகத்தில் போகும் பொருளைப் பிடித்து இழுத்து எரிக்க அது போதும். ஆகவே அது நிலைத்திருக்க முடியாது, கீழே வந்துவிடும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அழுதவர்களை அழ விட்டோம். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ படிக்கும் ஒரு பெண் தன் கையால் உருவாக்கிய கருவி எரிந்துபோனது என்றால் அது அழ வேண்டிய விஷயமே.

திங்கட்கிழமை கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். 356 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் சுற்ற வினாடிக்கு ஏறத்தாழ 7.69 கி.மீ. வேகம் வேண்டும். அதே உயரத்திலிருந்து மறுபக்கத்தில் 76 கி.மீ. வரை இறங்கும் பாதைக்கு எவ்வளவு வேகம் என்று பிள்ளைகள் கணக்கிட்டார்கள், ஏறத்தாழ 7.61 என்று வந்தது. வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியும் பயனில்லாமல் போகும் இடம் இது என்பதை அவர்கள் தங்கள் கையால் எழுதிய எண்களிலிருந்தே உணர்ந்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலுள்ள ஈர்ப்பியல் அத்தியாயத்தை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். அன்று போல் அந்த வகுப்பு கவனித்ததில்லை.

அதே வாரம் வாட்ஸ்அப்பில் பலவிதமான பேச்சுகள் வந்தன. யாரோ வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்கள் என்றது ஒன்று. மாணவியர் செய்த கருவியால்தான் கோளாறு என்றது மற்றொன்று. இரண்டாவது பேச்சு எங்கள் பிள்ளைகளை மிகவும் புண்படுத்தியது. ராக்கெட் சுமந்து செல்லும் செயற்கைக்கோள் சும்மா மேலே அமர்ந்து செல்கிறது, ராக்கெட்டின் பாதையை முடிவு செய்வது ராக்கெட்டின் கணினிதான் என்பதை எடுத்துச் சொன்னதோடு, நோட்டின் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரிக்கச் சொன்னேன்: உறுதியானது, ஊகம், இன்னும் வெளிவராதது. ஒவ்வொரு செய்தியும் யார் சொன்னது என்று பார்த்து, இஸ்ரோ சொன்னால் முதல் பத்தியிலும் மற்றவர் சொன்னால் இரண்டாம் பத்தியிலும் எழுத வேண்டும். உணரி (சென்சார்) ஒன்றின் பழுதைக் கண்டறிந்து மீட்பு நடவடிக்கைக்குச் செல்லும் தர்க்கத்தில் தவறு நேர்ந்தது என்று இஸ்ரோ அன்றே கூறியிருந்தது. அந்த ஒரு வரி முதல் பத்தியில் நெடுநாள் தனியாக இருந்தது. இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, அந்தப் பத்தி ஏறத்தாழக் காலியாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே. மாணவர்கள் அவசரப்படுவார்கள், ஊகத்தை இடம் மாற்றி எழுதக் கேட்பார்கள். விடாதீர்கள்.

விளக்கமான காரணம் அடுத்த ஏவுதலுக்குச் சற்று முன்பு வெளியானது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதி வகுப்பில் ஒட்டினேன். இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ராக்கெட்டின் கருவித் தளத்தில் மிகக் குறுகிய நேரத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் கடுமையான அதிர்வு ஏற்பட்டது. வேகம் மாறுவதை அளக்கும் உணரிகளான முடுக்கமானிகள் அந்தத் தளத்தில் ஆறு இருந்தன; அவை ஆறும் அந்த அதிர்வில் தாங்கள் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டன. பழுதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், ஆறும் பழுதாகிவிட்டன என்று முடிவு செய்தது. உண்மையில் அவற்றில் எதுவும் பழுதாகவில்லை. கணினி அவற்றின் அளவீட்டைக் கைவிட்டு, முன்பே ஏற்றி வைத்திருந்த பாதையைப் பின்பற்றும் மீட்பு முறைக்கு மாறியது. அதனால் தேவையான வேகத்தில் சிறு குறை விழுந்தது.

இதைப் புரியவைக்க எந்த ஆய்வகமும் வேண்டியதில்லை. நம் கைபேசிகளிலேயே முடுக்கமானி இருக்கிறது. அதன் அளவீட்டை வரைபடமாகக் காட்டும் இலவசச் செயலிகளும் கிடைக்கின்றன. இரண்டு கைபேசிகளை ஒரே பெஞ்சின் மேல் மல்லாக்க வைத்தோம். இரண்டும் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 என்ற எண்ணைச் சுற்றி அமைதியாக இருந்தன. ஒரு மாணவன் பெஞ்சின் ஓரத்தில் முஷ்டியால் ஓங்கிக் குத்தினான்; இரண்டு திரைகளிலும் கோடு ஒரே கணத்தில் துள்ளி எழுந்தது. பிறகு ஒரு கைபேசிக்கு அடியில் துண்டை நான்காக மடித்து வைத்துவிட்டு மறுபடி குத்தச் சொன்னோம். அதில் கோடு மிகக் குறைவாகவே எழுந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு முறை குத்திப் பார்த்தார்கள். காய்கறி விற்கும் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, ஒரே பலகையின் மேல் ஆறு தராசை வைத்தால் பலகை ஆடும்போது ஆறும் சேர்ந்துதானே ஆடும் என்றாள். ஒன்றுக்கு ஆறாகக் கருவி வைத்தும் அந்த ஆறும் ஒரே காரணத்தால் ஒன்றாக ஏமாறக்கூடும் என்பதைப் பொறியியல் மாணவர்கள் நெடுநாள் கழித்துப் படிக்கிறார்கள். அவள் அதைப் பன்னிரண்டாம் வகுப்பில், தன் சொந்த வாயால் சொன்னாள். எனக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி அந்த ஆண்டில் இல்லை.

இந்த வழக்கம் பிடித்துப்போய், பழைய தோல்விகளையும் அதே முறையில் பார்க்கத் தொடங்கினோம். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 முதல் முறை பறந்து 317 வினாடிகளில் வங்கக் கடலில் விழுந்த கதையை நம் ஊரில் கேட்காத பிள்ளை இல்லை. திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் மனமுடைந்து நின்றதையும், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுப் பத்திரிகையாளர்களைச் சந்தித்ததையும் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் யாராவது ஒருவர் பேசுகிறார். அது போற்ற வேண்டிய பண்புதான். ஆனால் இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு முழுமையாக மூடாமல், நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்துபோனதால்தான் அந்த அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி.-3 பறந்து ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்ததற்குத் தலைவரின் பெருந்தன்மை எவ்வளவு காரணமோ, அந்த வால்வைத் தேடிக் கண்டுபிடித்தவர்களின் உழைப்பும் அவ்வளவு காரணம். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும்.

விளைவுகளையும் பேச வேண்டும். 2006 ஜூலை 10 அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்02 பக்கவாட்டு எஞ்சின்களில் ஒன்று உந்துவிசை இழந்ததால் பாதை மாறி அழிக்கப்பட்டபோது, வீடுகளுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி கொண்டுவர இருந்த இன்சாட்-4சி போயிற்று. அதற்கு மாற்று 2007 செப்டம்பர் 2 அன்றுதான் பறந்தது. 2010 கிறிஸ்துமஸ் நாளில் ஜி.எஸ்.எல்.வி. எஃப்06 சிதறியதற்குக் கட்டளைகளைக் கொண்டு செல்லும் இணைப்பான்கள் நேரத்துக்கு முன்பே கழன்றது காரணம். 2017 ஆகஸ்ட் 31 அன்று பி.எஸ்.எல்.வி. சி39 ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியவில்லை. அணுக் கடிகாரங்கள் பழுதான ஒரு வழிகாட்டிச் செயற்கைக்கோளுக்குப் பதிலாக அனுப்பப்பட்டது, கவசத்துக்குள்ளேயே அடைபட்டுப் போயிற்று. அடுத்தது 2018 ஏப்ரலில்தான் போனது.

எங்கள் பிள்ளைகளை மிகவும் தொட்டது 2021 ஆகஸ்ட் 12 அன்று நடந்த ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 தோல்வி. ஹைட்ரஜன் தொட்டியின் ஒரு வால்வில் கசிவு ஏற்பட்டு அழுத்தம் குறைந்ததால் மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரயோஜெனிக் எஞ்சின் எரியவில்லை. அதோடு போன இ.ஓ.எஸ்.-03, புவிநிலைப் பாதையில் நின்று நம் நிலப்பரப்பை நாள்தோறும் பலமுறை படமெடுத்து, வெள்ளம், புயல் போன்றவற்றை உடனுக்குடன் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்ததை எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவர்கள். சிலரின் வீட்டு வாசல்வரை தண்ணீர் வந்திருந்தது. அந்தச் செயற்கைக்கோள் இருந்திருந்தால் இன்ன நன்மை நடந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றச் செயற்கைக்கோள்கள் அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் ஒரு வால்வின் கசிவுக்கும் நம் ஆற்றங்கரைக்கும் தொடர்பு இருக்கிறது என்பது அன்று வகுப்பில் யாருக்கும் விளக்கத் தேவைப்படவில்லை.

2023 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை, எஸ்.எஸ்.எல்.வி. டி2 ஏவப்பட்டது. மறுபடி காலை 9.18. பொதுத்தேர்வு நெருங்கும் காலம் என்பதால் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போக வழியில்லை. தலைமையாசிரியர் முதல் பாடவேளையை விட்டுக்கொடுத்ததால் ஸ்மார்ட் வகுப்பறையில் நேரலையில் பார்த்தோம். இரண்டாம் அடுக்கைப் பிரிக்கும் அமைப்பை, அதிர்ச்சி குறைவாகத் தரும் வேறொரு அமைப்பாக மாற்றியிருந்தார்கள். உணரிகள் பழுதா இல்லையா என்று முடிவு செய்யும் தர்க்கத்தையும் திருத்தியிருந்தார்கள். ஆகவே ராக்கெட் எழுந்தபோது எங்கள் வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. இரண்டாம் அடுக்கு பிரியும் நேரத்துக்காக எல்லாரும் நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். அது பிரிந்து, புள்ளி கோட்டை விட்டு விலகாமல் சென்றபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்துவிட்டார். 450 கி.மீ. வட்டப் பாதையில் மூன்று செயற்கைக்கோள்களும் விடப்பட்டன. மாணவியர் மறுபடி உருவாக்கிய ஆசாதிசாட்-2 அவற்றில் ஒன்று.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் இப்போது கல்லூரிகளில் படிக்கிறார்கள். 2025 மே 18 அன்று, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பி.எஸ்.எல்.வி. சி61 ஏவப்பட்டபோது நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் அடுக்கு எரியத் தொடங்கிச் சற்று நேரத்தில் திரையில் புள்ளி கோட்டை விட்டு இறங்கியது. இ.ஓ.எஸ்.-09 போய்விட்டது. வேலூரில் பொறியியல் படிக்கும் பழைய மாணவி அன்றைக்கே அழைத்தாள். மூன்றாம் அடுக்கின் மோட்டாரில் எரியறை அழுத்தம் குறைந்ததாக இஸ்ரோ தலைவர் நாராயணன் சொல்லியிருக்கிறார், அதை உறுதியானது என்ற பத்தியில் எழுதிவிட்டேன் என்றாள். மோட்டார் உறையில் கோளாறா, வாயு வெளியேறும் பீய்ச்சு முனையில் கோளாறா என்று நண்பர்களுக்குள் வாதம் நடக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். இரண்டையும் ஊகப் பத்தியில் எழுது, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அப்படியானால் அழுத்தம் எப்படிக் குறைந்திருக்கும் என்று கணக்கோடு எழுது, எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு என்றேன். மறுநாள் அனுப்பினாள். அதில் ஒரு சமன்பாடு தவறாக இருந்தது. திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.